சரியாக விழுந்த தாளம்

என் வீட்டுக்காரிக்கு,

இந்த வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட நான், யார் உதவியும் இல்லாமல் எழுதும் முதல் கடிதம் இது. மெதுவாகத்தான் வருகிறது, ஆனாலும் புது மாப்பிள்ளை மாதிரி மிதப்பாக இருக்கிறது.

உன்னை ஆபரேஷனுக்குக் கொண்டுபோனதும், ஆஸ்பத்திரிப் பிரார்த்தனை அறையில் நம் நாட்டுப்புறச் சாமிப் பாட்டைப் பாடினேன். நான் பையில் கொண்டுவந்திருந்த உன் ஜால்ராவை, பக்கத்துக் கட்டில் அம்மாவின் மகள் தட்டினாள். தாளம் ஒரு இடத்திலும் தப்பவில்லை. நான்தான் தடுமாறி நின்றுவிட்டேன்.

"என்ன பெரியவரே, பாட்டு மறந்துபோச்சா?"

"இல்லம்மா, நீ சரியா தட்டிட்ட. என் வீட்டுக்காரி எப்பவும் பிந்தித்தான் தட்டுவா."

சாமிக்கும் அது நம் பாட்டென்று அடையாளம் தெரிந்திருக்காது. அதனால் ஜால்ராவை வாங்கி வைத்துவிட்டு, நீ பிந்தும் இடங்களிலெல்லாம் நிறுத்தி நிறுத்தி மறுபடியும் பாடினேன்.

டாக்டர் இன்னும் வெளியே வரவில்லை. கதவைப் பார்த்தபடியே எழுதுகிறேன். கண் விழித்ததும் படி. என் கையெழுத்தைப் பார்த்துச் சிரி. தையல் பிரியாமல் சிரி.

உன் பாட்டுக்காரன்