வாலுக்குள் வைத்த ஈயம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? மாடிப்படி ஏறுவதை விட்டுவிட்டீர்களா, இல்லை அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டே ஏறுகிறீர்களா? நான் சுகம்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். எங்கள் பந்தயக் கிளைடருக்கு எஞ்சின் கிடையாது. முன்னும் பின்னும் எடை சரியாக நின்றால்தான் காற்றில் வழுக்கிக்கொண்டு போகும். அதை ஓட்டுகிற விமானி அக்கா ஊரில் இல்லாததால், இங்கே வேலைக்கு வந்தபோது அவர் எடையே இருந்த என்னை இருக்கையில் உட்காரவைத்து, கிளைடரைத் தராசில் ஏற்றி, அந்தக் கணக்குக்கு வாலுக்குள் ஈயக்கட்டி வைத்தோம்.

பறந்துவிட்டு இறங்கிய அக்கா, "மூக்கைத் தூக்கி நிறுத்துற டிரிம் லீவரைக் கடைசிவரைக்கும் இழுத்துட்டேன், அப்பவும் மூக்கு தொங்குது. இப்படி இழுத்துப் பிடிச்சுக்கிட்டே பறந்தா நாளைக்குப் போட்டில நாமதான் கடைசி" என்றார்.

லீவரின் ஸ்பிரிங், இடுக்குகளில் ஒட்டிய டேப் என்று எல்லாவற்றையும் குடைந்து பார்த்தோம். பிடிபடவில்லை. கடைசியில் தலைமை மெக்கானிக் என்னை மட்டும் தராசில் ஏறச் சொன்னார். வந்தபோது இருந்ததைவிட ஆறு கிலோ குறைவு! "கோளாறு கிளைடர்ல இல்லம்மா, உன்கிட்டதான்" என்று சிரித்தார். முன்னால் நான் இலேசாக உட்கார்ந்ததால் பின்னால் ஈயமும் குறைந்துபோயிருக்கிறது. அக்காவையே உட்காரவைத்து, ஈயத்தைக் கூட்டினோம். இப்போது லீவரைத் தொடாமலே நேராகப் போகிறதாம்.

ஒரு ஆளுக்குச் சமைத்தால் உப்பு எப்போதும் கூடிப்போகிறது. எவ்வளவு போடுவதென்று அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். இறுக்கமென்று விட்டுவந்த சட்டைகளையும் அனுப்புங்கள். பந்தயத்துக்குக் கிளம்ப வண்டி ஹாரன் அடிக்கிறது.

அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டும்போது, நான் தராசில் ஏறிய இடத்தை மட்டும் தாண்டிவிடுங்கள்.

உங்கள் சின்னவள்