பத்மா அக்காவின் நூலகம்

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை

பாடசாலை நூலகத்தில் இன்று எனக்கு முதல் நாள். பதினொரு வருடம் அதை நடத்திய பத்மா அக்காவை அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவரிடம் நூலகவியல் டிப்ளோமா இல்லை, என்னிடம் இருக்கிறது.

வந்த பிள்ளைகள் எல்லாரும் வாசலில் நின்று, "பத்மா ரீச்சர் எங்கை?" என்றுதான் கேட்டார்கள். ஒருத்திக்குத் தவளைகளைப் பற்றிய புத்தகம் வேண்டுமாம். அரை மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை. கடைசியில் அக்காவைக் கூப்பிட்டேன். வந்த கையோடு எடுத்துக் கொடுத்தார்.

எனக்குக் கூச்சமாகிவிட்டது. "அக்கா, நீங்களும் டிப்ளோமாவுக்கு விண்ணப்பம் போடலாமே? நான் சொல்லித் தாறன்" என்றேன்.

"அதுக்கு உயர்தரச் சோதினை பாஸ் பண்ணியிருக்கோணும், பிள்ளை. சோதினை நேரம் நாங்கள் சண்டையாலை இடம்பெயர்ந்து போட்டம். பிறகு நான் எழுதேல்லை."

கோபமே இல்லாமல் சொன்னார். மணி அடித்ததும் போய்விட்டார்.

மத்தியானம் நூலகத்திலேயே தனியாக இருந்து சாப்பிட்டேன். ஆசிரியர் அறைக்கு வா என்று ஒருவரும் கூப்பிடவில்லை. நான் வாடகைக்கு இருக்கும் திருநெல்வேலி அறைக்கு வந்த பிறகு அம்மா போனில் கூப்பிட்டா.

"வேலை பிடிச்சிருக்கோ?"

"ஓம் அம்மா" என்றேன்.

நாளைக்கும் அலுவலகத்தைத் தாண்டித்தான் நூலகத்துக்குப் போக வேண்டும்.