பாதி மிஸ்

அன்புள்ள அம்மாவுக்கு மகள் மசினாவின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை; இந்த ஆஸ்திரேலியப் புழுதிதான் அதிகம்.

பள்ளி நூலகத்தில் ஒரு சின்ன மாற்றம். பிள்ளைகளுக்குக் கதை வாசித்து முடித்ததும் தலைமை ஆசிரியை ஹெதர் என்னைத் தனியே அழைத்தார். "நீங்க வாசிச்சா பிள்ளைங்க அசையவே மாட்டேங்குறாங்க, மசினா. ஆனா நூலக டிப்ளமா மட்டும் போதாதாம். வகுப்பு எடுக்க ஆசிரியர் பட்டமும் வேணுமாம். இனி புத்தகம் கொடுக்கிற வேலைய மட்டும் பாருங்க" என்றார். சொல்ல அவருக்கே சங்கடம்.

மறுநாள் வேறொரு ஆசிரியை வாசித்தார். ஒரு சிறுமி என்னிடம் ஓடிவந்து, "அப்போ நீங்க நிஜ மிஸ் இல்லையா?" என்று கேட்டாள்.

"பாதி மிஸ்தாண்டீ!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு சுத்தமாக இருந்த அலமாரியையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஆசிரியர் படிப்பில் சேர்ந்துவிட்டேன், அம்மா. அதனால் இந்தக் கிறிஸ்துமஸுக்கு நம் ஊர் ஆப்பியாவுக்கு வர முடியாது. இரண்டு வருடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோக்கோ கொஞ்சம் அனுப்புங்கள். இன்னொன்று, ஞாயிறு சாப்பாட்டின்போது போனை மேசையில் வைத்துவிட்டு வீட்டில் எல்லோரும் உங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருங்கள். என்னோடு பேச வேண்டாம். கேட்டுக்கொண்டே நானும் சாப்பிட்டுக்கொள்கிறேன்.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மசினா