கைப்பிடி இல்லாத மாடிப்படி

அன்புள்ள சிஹோவுக்கு,

தகமாட்சுவில் நானும் அப்பாவும் அவருடைய கொள்கையும் நலம். அவருடைய முழங்கால் மட்டும் சுமார். லிஸ்பனில் நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன், நம்பாவிட்டாலும் இங்கிருந்து நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு வீட்டைப் பார்க்க மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் வந்தாள். மாடிப்படியைப் பார்த்துவிட்டு, "கைப்பிடி வைங்க, இல்லேன்னா லிஃப்ட் இருக்கிற அடுக்குமாடிக்குப் போயிடுங்க" என்றாள். சின்னப் பெண், யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாது. அப்பாவின் கட்டடக்கலை முழுவதும் அந்தக் கைப்பிடி இல்லாமல்தான் நிற்கிறது. படகோட்டியின் பிள்ளை, ஆடும் படகில் காலை ஊன்றி வளர்ந்தவர். வீடு மனிதனைத் தாலாட்டக் கூடாது, எழுப்ப வேண்டும் என்று மூன்று புத்தகங்களில் எழுதியிருக்கிறார். எழுந்தவர்களில் சிலர் விழுந்தும் இருக்கிறார்கள், அது புத்தகங்களில் இல்லை. தாத்தாவின் படகில் பிடித்துக்கொள்ளக் கயிறு இருந்ததே என்று கல்யாணமான புதிதில் கேட்டேன், அன்றைக்குப் பதில் வரவில்லை.

இந்த வீட்டை விட்டுப் போக முடியாது என்பதால் கடைசியில் சம்மதித்தார், ஆனால் ஊருக்குத் தெரியக்கூடாதாம். கான்கிரீட்டைத் துளைக்கிற சத்தம் ஊருக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? நம் ஊர் முறைப்படி அக்கம்பக்கத்தில் வீட்டுக்கொரு கைத்துண்டு கொடுத்து முன்கூட்டியே மன்னிப்புக் கேட்க வேண்டுமே. தண்ணீர்க் குழாய் வேலை என்று சொல்லிவிடலாம் என்று துண்டுகளைத் தானே எடுத்துக்கொண்டு கோலூன்றிக் கிளம்பினார், நானும் பின்னாலேயே போனேன். முதல் வீடு எதிர்வீட்டு தொகாஷி அம்மாவுடையது. அப்பா கட்டிய வீடு, கைப்பிடி கேட்டுக் கெஞ்சியும் அப்பா மறுத்த வீடு. எப்போதும் போன் செய்துவிட்டுத்தான் அங்கே போவார், அன்றைக்கு நேராக மணியை அடித்துவிட்டார். கதவு திறந்தால் வாசலிலிருந்து படி நெடுக, கை பட்டுப் பட்டு மினுமினுக்கும் மரக் கைப்பிடி.

தொகாஷி அம்மா வெளிறிப் போய், "ஐயா, சென்செய்! ஒரு போன் பண்ணியிருந்தா கழட்டி வெச்சிருப்போமே!" என்று கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "எவ்வளவு நாளா இருக்கு?" என்றார் அப்பா. "நீங்க சாவி குடுத்த அடுத்த வாரத்துலேர்ந்து" என்றாள் பாவம். எனக்குத் தெரியுமா என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கூரையின் வெளிச்சத்தை ரசித்தேன். கழற்றிய திருகாணிகளைப் போட்டுவைக்கும் பிஸ்கட் டப்பா நான் கொடுத்ததுதான். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, வாசல் மேடையில் ஏற அந்தக் கைப்பிடியையே பிடித்தார். துண்டை நீட்டி, "எங்க வீட்டுல கைப்பிடி வைக்கப் போறோம், சத்தமா இருக்கும், மன்னிச்சுக்குங்க" என்று குனிந்து வணங்கினார். நிமிரும்போது, "இதை இனிமே கழட்டாதீங்க" என்றார். தொகாஷி அம்மா அழுதாள், உடனே காரம் போட்ட அரிசி பிஸ்கட் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மேஸ்திரிக்குப் போன் செய்து மரம் வேண்டாம், படகுக் கயிறு போடு என்றார். இப்போது சுவர் நெடுக இரும்பு வளையங்களில் தடித்த கயிறு இழுத்துக் கட்டியிருக்கிறது. மருத்துவமனைப் பெண் வந்து தொங்கிப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டாள். அப்பா தினமும் மேலே போய் வரைகிறார். பத்திரிகைக்காரர் ஒருவர் படம் எடுத்துப் போனார், 'மிகுமோ கடலுக்குத் திரும்புகிறார்' என்று அப்பாவைப் பற்றி எழுதப் போகிறாராம்.

இருவரும் உடம்பு நோகாமல், சிரிப்புக் குறையாமல் இருங்கள், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. புத்தாண்டுக்கு வரும்போது மறக்காமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறு. கைப்பிடி என்று மட்டும் அதைச் சொல்லிவிடாதே, தாத்தாவின் நினைவு என்று சொல். படகுக் கயிறு பற்றிய என் பழைய கேள்விக்குப் பதில் வந்துவிட்டது என்பதை நானும் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

அன்புடன்,
அம்மா
மிகுமோ தொஷியே