காலிக் கட்டிலின் ரத்தம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நான் நலம். அம்மாவும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் வார்டில் வேலை பார்க்கிற உன்னிடம் அந்தப் புளுகு எடுபடாது.

தையல் கடையில் பள்ளிச் சீருடை வேலை மும்முரம். புதிதாக வந்த கட்டிங் மாஸ்டர் வெட்டிய கால்சட்டையில் ஒரு கால் நெட்டை, ஒரு கால் குட்டை. திட்டுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவின் முழங்கால் வலி உனக்குத் தெரியும். அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில், வீட்டுக்குப் போகும் நோயாளிகள் விட்டுச்செல்கிற மாத்திரைகளை நர்சுகள் தங்கள் அறையில் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார்கள். தலைவலியா, டப்பாவில் கை. முதுகுவலியா, டப்பாவில் கை. அம்மா காலைச் சாப்பாட்டை மறந்தாலும் அந்த வலி மாத்திரையை மறக்க மாட்டாள். டாக்டரிடம் காட்டு என்றால், "ஊருக்கே ஊசி போடறவ நான், எனக்கு எவன் மருந்து எழுதறது?" என்பாள். நானும் தையல் மெஷினுக்குத் திரும்பிவிடுவேன்.

போன மாதம் அவளுக்குக் கால் வீங்கியது. அப்போதும் சீட்டுப் போட்டு டாக்டரைப் பார்க்கவில்லை. கூட வேலை செய்பவளிடம் கையை நீட்டி ரத்தம் எடுத்து, காலியாகக் கிடந்த பதினோராம் கட்டிலின் எண்ணைக் குப்பியில் ஒட்டி லேபுக்கு அனுப்பிவிட்டாள். அங்கே எல்லாரும் செய்கிற வேலைதானாம்.

மத்தியானம் லேபிலிருந்து போன் வந்திருக்கிறது. பதினோராம் கட்டில் நோயாளிக்குச் சிறுநீரகம் மோசமாக இருக்கிறது, உடனே பாருங்கள் என்று. பெரிய டாக்டர் ஓடி வந்தால் கட்டில் காலி. நோயாளி சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார் என்று வாட்ச்மேன் மாடிப்படி, கழிவறை, கேன்டீன் என்று அலைந்திருக்கிறார். உன் அம்மாவும் கூடச் சேர்ந்து தேடினாளாம்! லிஃப்ட் பக்கத்தில் கால் நகர மறுத்த பிறகுதான், "நான்தான் சார் அந்தப் பதினொண்ணு" என்றிருக்கிறாள்.

டாக்டர் திட்டவில்லை. சிறுநீரகத்தைக் கெடுத்த வலி மாத்திரையை அன்றோடு நிறுத்தச் சொன்னார். கெட்டது கெட்டதுதான், மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார். இதை எனக்குச் சொல்லும்போது அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணு. இப்போது ஒழுங்காகச் சீட்டுப் போட்டு, பெஞ்சில் உட்கார்ந்து, பெயரைக் கூப்பிட்ட பிறகு உள்ளே போகிறாள். நானும் கூடப் போகிறேன். முழங்கால் வலி மட்டும் அப்படியேதான் இருக்கிறது. தூக்கத்தில் முனகுகிறாள்.

நேற்று பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாள். உனக்கு அடிக்கடி தலை சுற்றுகிறதாம், வார்டிலேயே எதையோ போட்டுக்கொண்டு சமாளிக்கிறாயாம். "என் பொண்ணாச்சே" என்று சிரிக்கத் தொடங்கியவள், பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் பக்கத்தில் வந்து பெஞ்சில் உட்கார அங்கே ஆளில்லை, தெரியும். இருந்தாலும் நாளைக்கே உன் சொந்தப் பெயரில் ஒரு சீட்டுப் போடு. டாக்டர் என்ன சொன்னார் என்று எழுது. உன் கணிப்பு எனக்கு வேண்டாம். எனக்குப் பிறகும் நெடுங்காலம் நீ நன்றாக இருக்க வேண்டும், மகளே.

உன்
அப்பா