ஒரு கோஷ்டியும் உருப்படியில்லை

மார்ச் 3

அன்புள்ள டமாரம் அண்ணாவுக்கு,

உன் தங்கை எழுதுவது. நலமா என்று கேட்க மாட்டேன். போனை எடுக்காதவன் நலமாகத்தான் இருப்பான். தப்பித்தவறி எடுத்தாலும் பின்னால் யாராவது கிடாருக்குச் சுருதி சேர்க்கிறார்கள், நீ "என்ன? என்ன?" என்று கத்துகிறாய், அதற்குள் வண்டி கிளம்பிவிடுகிறது. அதனால்தான் கடிதம். உங்கள் பயிற்சி அறை முகவரிக்கே அனுப்புகிறேன். உங்கள் குழுத் தலைவர் கண்டக்டர் அண்ணன் உன் கையில் சேர்த்துவிடுவார். பஸ்ஸில் டிக்கெட் கிழித்துவிட்டுக் கீபோர்டுக்கு வந்தவர், அவருக்காவது பொறுப்பு இருக்கும்.

கல்யாணத் தேதி முடிவாகிவிட்டது. ஏப்ரல் கடைசி வெள்ளி. காலையில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, மாலையில் ரயில் நிலையத்துக்கு எதிர் மண்டபத்தில் வரவேற்பு. சாப்பாட்டை அம்மா பார்த்துக்கொள்கிறாள். பாட்டு, ஆட்டம், கேளிக்கை எல்லாம் என் தலையில். கண்ணாடிக் கடையில் பகலெல்லாம் லென்ஸ் அறுக்கும் மெஷின் காதைக் கிழிக்கிறது. வீட்டுக்கு வந்தால் இவர்கள் கிழிக்கிறார்கள்.

அப்பா சொல்கிறார், "சும்மா மெதுவா ஏதாவது ஓடிட்டிருந்தா போதும். பேசறது கேக்கணும்." என் வருங்கால மாமியார், "ஜனங்க எழுந்து ஆடலைன்னா அது என்னம்மா ரிசப்ஷன்?" என்கிறார். சித்தப்பா, "எனக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கிடு, மீதியை யாருக்கு வேணா குடு" என்கிறார். கரோக்கி மெஷினே வாங்கிவிட்டார், அண்ணா. உன் மாப்பிள்ளை நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்குக் கால் உதைக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு ஈரத் தலையோடு வந்து, "உனக்குப் பிடிச்சது எனக்கும் பிடிக்கும்" என்கிறார். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

நீ இத்தனை வருடமாக ரிசப்ஷன் ரிசப்ஷனாக டிரம்ஸ் அடிக்கிறாய். உருப்படியாக ஒரு கோஷ்டியைச் சொல். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வருவார்களே, அவர்கள் எப்படி? அக்காவும் தங்கையும் பாடும் கோஷ்டி? இல்லை, டிஜே போதுமா?

இன்னொன்று. ஜனவரியில் என் நிச்சய விருந்துக்கு நீ வரவில்லை. பக்கத்து நாற்காலியை உனக்காகவே வைத்திருந்தேன். ஏன் வரவில்லை என்று கேட்கப் போவதில்லை. வரவேற்புக்கு வந்துவிடு. என் பக்கத்தில் நில். எனக்கு அண்ணன் இருக்கிறான் என்று நாலு பேர் பார்க்கட்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

உன்
வாலு

*

மார்ச் 11

அன்புள்ள வாலுக்கு,

கடிதம் வந்தது. வேனில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிறேன், கையெழுத்தைத் திட்டாதே.

வெள்ளைக் கோட்டு கோஷ்டி வேண்டாம். கோட்டு மட்டும்தான் சுதியோடு இருக்கும். அக்கா தங்கை கோஷ்டியில் அக்கா நன்றாகப் பாடுவாள், ஆனால் தங்கைக்கு மைக் கொடுக்காவிட்டால் மேடையிலேயே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். டிஜே என்றால் எந்த டிஜே? எல்லோரும் ஒருவர்தான், தொப்பி மட்டும் வேறு. சித்தப்பாவுக்கு ஒரு மணி நேரம் கொடுத்தால் மண்டபத்தில் நாற்காலிகள் மட்டும்தான் மிஞ்சும்.

எங்கள் கோஷ்டியை மட்டும் கேட்காதே. அப்பா உன் மாமியாரிடம் "பையன் ஒலித் துறையில இருக்கான்" என்று சொல்லி வைத்திருக்கிறார். ஒலித் துறை அதிகாரி திடீரென்று குச்சியும் கையுமாக உட்கார்ந்தால் அவர் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பார்?

வருவதைப் பற்றிப் பிறகு பார்க்கலாம். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்

*

மார்ச் 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் ஒரு நல்ல கோஷ்டியைக் கேட்டேன். நீ நாலு மோசமான கோஷ்டியைச் சொல்லி அனுப்பியிருக்கிறாய். இதற்கு நீ பதில் போடாமலே இருந்திருக்கலாம்.

சரி என்று நானே தேடக் கிளம்பினேன். ஒரு நகைக்கடைத் திறப்பு விழாவில் இரண்டு பேர் வயலின் வாசித்தார்கள். அழகாகத்தான் வாசித்தார்கள், ஆனால் யாரோ செத்துப்போன மாதிரி இருந்தார்கள். உன் மாப்பிள்ளை என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அப்புறம் ஒரு மந்திரவாதி. தொப்பியிலிருந்து புறா எடுப்பாராம். புறா அன்றைக்கு வெளியே வரமாட்டேன் என்று அடம் பிடித்தது. "அதுக்கு இன்னிக்கு மூட் சரியில்ல" என்றார். எனக்கும்தான் சரியில்லை. அப்புறம் ஒரு டிஜே பெண், தொப்பி இல்லை, நல்ல பெண். "உங்க என்ட்ரிக்கு என்ன பாட்டு? புகை வேணுமா?" என்று கேட்டாள். புகை என்றதும் மாமியார் சரி என்றார், அப்பா "எனக்கு மூச்சு முட்டும்" என்றார். அம்மா இருவருக்கும் தலையாட்டினாள். எனக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அது கிடக்கட்டும். "ஒலித் துறை" என்று அப்பா சொன்னது நிச்சய விருந்தில். அன்று மேசையருகே மாமியாரிடம் ஒரே ஒரு முறை சொன்னார். அம்மாவும் நானும் அதை வெளியே யாரிடமும் சொல்லவில்லை, எங்களுக்கே வெட்கமாக இருந்தது. நீ வராத விருந்தில் அவர் சொன்னது உனக்கு எப்படித் தெரியும்?

பதில் வேண்டும். இந்த முறை வேனைக் காரணம் சொல்லாதே.

வாலு

*

மார்ச் 26

அன்புள்ள வாலுக்கு,

வயலின் வேண்டாம், தட்டுச் சத்தத்தில் கேட்காது. மந்திரவாதி பரவாயில்லை, புறாதான் பாவம். புகை போட்டால் பாடுகிறவர்களுக்கு இருமல் வரும்.

இப்போது உன் கேள்வி. நான் வந்திருந்தேன்.

திட்டுவதற்கு முன் முழுதும் படி. இத்தனை வருடத்தில் நான் ஒரு மண்டபத்துக்குக்கூட முன்வாசல் வழியாகப் போனதில்லை. வேனைப் பின்னால் நிறுத்துவோம், பெட்டியை இறக்குவோம், சமையல்கட்டு வழியாக மேடைக்குப் போவோம். அன்றும் என் கால் பாட்டுக்குப் பின்பக்கம் போய்விட்டது. போட்டிருந்தது கறுப்புச் சட்டை, என்னிடம் இருப்பதெல்லாம் அதுதான். உள்ளே நுழைந்ததும் மண்டப மேனேஜர், "வந்துட்டியா? அந்த ஸ்பீக்கரைக் கொஞ்சம் நகர்த்து" என்றார். நகர்த்தினேன். யாரோ ஒரு கிண்ணம் சூப் கையில் கொடுத்தார்கள். பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்று குடித்தேன்.

பிறகு சமையல்கட்டின் ஆடுகதவில் இருக்கும் வட்டக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நீ பச்சை உடையில் சிரித்துக்கொண்டிருந்தாய். அப்பா கதவுக்குப் பக்கத்து மேசையருகே நின்று உன் மாமியாரிடம் ஒலித் துறையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அது கூடப் பெரிதாகப் படவில்லை. உன் பக்கத்து நாற்காலியில் ஒரு கைப்பை இருந்தது. சரி, யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள், எனக்கு இடமில்லை என்று கிளம்பிவிட்டேன்.

வரவேற்பில் நான் டிரம்ஸ் வாசிக்கிறேன். எங்கள் கோஷ்டியையே வரச் சொல்கிறேன், அப்பா என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். அது என் பரிசு. ஆனால் கீழே வந்து நில் என்று மட்டும் சொல்லாதே.

அண்ணன்

*

மார்ச் 31

அண்ணா,

அந்தக் கைப்பை என்னுடையது, மடையா!

வேறு யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது என்று நானே நாற்காலியில் வைத்தேன். பெரிய அத்தை வந்து உட்காரப் பார்த்தாள், "அண்ணன் வரான்" என்று தடுத்துவிட்டேன். அவள் இன்னும் என்னோடு பேசுவதில்லை. நீ பத்தடி தூரத்தில் நின்று சூப் குடித்திருக்கிறாய்! மூன்று மாதமாக உன்மேல் கோபப்பட்டு, யாருக்கும் தெரியாமல் அழுது, கடையில் ஒருவருடைய இடது லென்ஸை வலதில் மாட்டி அனுப்பினேன். அவர் திரும்பி வந்து கத்தின கத்தல் உனக்குக் கேட்டிருக்க வேண்டும்.

உன் கடிதத்தை அப்பாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். தன் மருந்துக்கடையில் மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டே படித்தவர், மாத்திரையையே வெட்டிவிட்டார். அப்புறம், "முன்வாசல் திறந்துதானே இருந்துச்சு?" என்றார். அவருக்கு வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை. அன்று அவர் சாப்பிடவும் இல்லை.

நீ வாசிக்க வேண்டாம். எனக்கு அந்தப் பரிசு வேண்டாம். மேடையில் இருந்தால் நீ எனக்குப் பின்னால் இருப்பாய். போட்டோவில் உன் முகம் இருக்கிற இடத்தில் டிரம்ஸின் பித்தளைத் தட்டுதான் விழும். எனக்கு டிரம்மர் கிடைப்பான், அண்ணன் எங்கே கிடைப்பான்?

வாலு

*

ஏப்ரல் 7

அன்புள்ள வாலுக்கு,

நீ சொல்வது புரியாமல் இல்லை. ஆனால் நான் சொல்வதையும் கொஞ்சம் கேள்.

டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தால் எனக்கு எல்லாம் தெரியும். எந்த மாமா எப்போது எழுந்து ஆடுவார், எந்தப் பெண் அழப் போகிறாள், எந்தக் குழந்தை வயரைப் பிடித்து இழுக்கும், எல்லாம் முன்கூட்டியே தெரியும். கீழே இறங்கினால் எனக்கு ஒன்றும் தெரியாது. யாரிடம் என்ன பேசுவது? எவ்வளவு நேரம் சிரிப்பது? இந்தக் கைகளை என்ன செய்வது? சட்டைப் பையில் விட்டால் திமிர் என்பார்கள், கட்டிக்கொண்டால் கோபம் என்பார்கள். மேசையில் வைத்தால் தானாகத் தாளம் போட ஆரம்பித்துவிடும்.

அதோடு வேறொருவன் டிரம்ஸ் அடிக்க, நான் கீழே உட்கார்ந்து கேட்பதா? அவன் மோசமாக அடித்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. நன்றாக அடித்தால் சுத்தமாக இறங்காது.

அதனால் முடிவாகச் சொல்கிறேன். நான் வாசிக்கிறேன், இல்லாவிட்டால் வரவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

அண்ணன்

*

ஏப்ரல் 14

அன்புள்ள டமாரத்துக்கு,

கோபித்துக்கொள்ளாதே என்று எழுதினால் கோபம் வராது என்று உனக்கு யார் சொன்னது? கடிதத்தைக் கசக்கிக் குப்பையில் போட்டேன். பிறகு எடுத்து நீவி, கைப்பையில் வைத்துக்கொண்டு, உங்கள் பயிற்சி அறைக்கே நேராகப் போனேன். உனக்கு மட்டும் அன்று வெளியூரில் வேலை என்று தெரிந்துதான் போனேன்.

உங்கள் கோஷ்டியை அமர்த்திவிட்டேன். ஒரே ஒரு நிபந்தனை: டிரம்மர் வேண்டாம்.

உனக்குப் பதில் ஆள் வேண்டாம் என்றில்லை. டிரம்ஸே வேண்டாம் என்றேன். கண்டக்டர் அண்ணன் தலையைச் சொறிந்தார். "அவன் இல்லாம ஒரு பாட்டும் நிக்காதேம்மா. எல்லாம் ஆடும்." "ஆடட்டும்" என்றேன். "ஜனங்க எழுந்து ஆடணும்னு உங்க மாமியார் கேட்டாங்களாமே?" "கைதட்டச் சொல்லி ஆடவைங்க." பிறகு எழுந்து டிரம்ஸ் பெட்டிமேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினார். "அன்னைக்கு இவனுக்கு லீவு" என்று மற்றவர்களுக்குச் சொன்னார். பாடுகிற பெண், "நான் கஞ்சிரா மாதிரி ஏதாவது தட்டிக்கறேன்" என்றாள். அவள் உன்னைப் பற்றிச் சொன்னதை நேரில் சொல்கிறேன்.

ஆக, அன்று மோசமாக அடிக்கவும் ஆளில்லை, நன்றாக அடிக்கவும் ஆளில்லை. உனக்குச் சாப்பாடு இறங்கும்.

இப்போது அப்பா. நான் இதை வீட்டில் சொன்னதும் போனை எடுத்து மாமியாரைக் கூப்பிட்டார். "ஒரு விஷயம் தப்பாச் சொல்லிட்டேன். என் பையன் டிரம்ஸ் வாசிக்கறவன். அன்னைக்கு மட்டும் வாசிக்க மாட்டான், நம்ம கூட நிப்பான்" என்றார். குரல் சரியாக வரவில்லை, இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. பிறகு என்னிடம், "மண்டபத்துல பின்கதவைப் பூட்டச் சொல்லிடு. நான் முன்வாசல்ல நிக்கறேன்" என்றார்.

கதவைப் பூட்டினால் அடுப்பை மூடிவிடுவோம் என்று சமையல்காரர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். அதனால் சித்தப்பாவைக் கரோக்கி மெஷினோடு பின்வாசலில் நிறுத்தப் போகிறேன். வருகிறவர்களை வரவேற்கும் கச்சேரி என்று சொல்லி வைத்திருக்கிறேன், அவருக்கும் மகிழ்ச்சி. நீ அந்தப் பக்கம் வந்தால் ஒரு மணி நேரம் நின்று கேட்காமல் உள்ளே போக முடியாது.

அப்பா முன்வாசலில் நிற்பார். நீ வராவிட்டால் சாப்பாடு முடிந்தும் நின்றுகொண்டிருப்பார். எனக்கு அவரைத் தெரியும். இதற்குமேல் உன்னிடம் கெஞ்ச எனக்குத் தெம்பில்லை.

உன்
வாலு

*

ஏப்ரல் 21

அன்புள்ள வாலுக்கு,

போர்வையை எடுக்கப் பார்த்தேன். கண்டக்டர் அதைக் கயிறு போட்டுக் கட்டியும் வைத்திருக்கிறார். கேட்டால், "இந்த ட்ரிப்புல நீ பேசஞ்சர். போலாம், ரைட்!" என்கிறார். தங்கை என்று நினைத்தேன், நீ தொழிற்சங்கமே நடத்துகிறாய்.

டிரம்ஸ் இல்லாவிட்டால் கண்டக்டர் மூன்றாவது பாட்டை ஓட்டமாக எடுப்பார். பாடுகிற பெண் மூச்சு வாங்குவாள். அப்போது நான் முகத்தைச் சுளித்தால் கண்டுகொள்ளாதே, என்னால் அதை நிறுத்த முடியாது. புகை வேண்டாம் என்று உன் மாமியாரிடம் மறுபடி சொல். மாப்பிள்ளை ஆடும்போது நீந்துகிற மாதிரிக் கையை வீசாமல் பார்த்துக்கொள்.

நேற்று கடைக்குப் போய்ச் சட்டை எடுத்தேன். கறுப்பு இல்லை. கடைக்காரர், "சாருக்கு ஏதாவது விசேஷமா?" என்று கேட்டார். "தங்கச்சி கல்யாணம்" என்றேன். வாயைத் திறந்து அதை ஒருவரிடம் சொன்னது அப்போதுதான். சொன்னதும் சட்டையின் அளவைக்கூடப் பார்க்காமல் வாங்கி வந்துவிட்டேன். கை கொஞ்சம் நீளம்.

அப்பாவை ரொம்ப நேரம் வாசலில் நிற்க வைக்காதே, முட்டி வலி இருக்கிறது. சரியாக ஆறு மணிக்கு வந்துவிடுவேன் என்று சொல். முன்வாசல் எந்தத் தெருவில் இருக்கிறது என்று மட்டும் எழுது, எனக்கு நிஜமாகவே தெரியாது.

கைகளை என்ன செய்வது என்று கேட்டிருந்தேன், நீ பதில் சொல்லவில்லை. நானே ஒரு வழி வைத்திருக்கிறேன். அன்றைக்கு உன் கைப்பையை நாற்காலியில் வைக்காதே. என்னிடம் கொடு, நான் பிடித்துக்கொள்கிறேன்.

உன்
அண்ணன்