சக்கரவர்த்தி போட்ட சுண்ணாம்புக் கோடு

திருவண்ணாமலை,
புதன்கிழமை.

அன்பு மகள் சிந்துஜாவுக்கு அம்மா எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சௌக்கியம், அவருக்கு முட்டி வலி, எனக்குக் கோபம், மற்றபடி ஒரு குறையும் இல்லை. புனேயில் நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே, குளிர் ஜாஸ்தி என்றாயே, பிள்ளையைக் காது மூடாமல் வெளியே விடாதே. போனில் பேசினால் உன் அப்பா பிடுங்கிக்கொள்வார், அதனால்தான் கடிதம்.

அப்பா ஆடிய ஃபுட்பால் கிளப்புக்கு ஐம்பதாவது வருஷம் என்று விழா மலர் போட்டார்கள். அதில் பழைய கேப்டன் சக்கரவர்த்தி எழுதியிருக்கிறான், கீழ்பென்னாத்தூரோடு ஆடிய ஃபைனலில் கோல் கீப்பர் சடையன், அதாவது உன் அப்பா, கை நழுவவிட்டதால்தான் கோப்பை போனதாம். எங்களுக்குக் கல்யாணமான வருஷம் அது. யாரால் ஃபைனல் போனதோ அவர் ஒரு வருஷம் ஞாயிறுதோறும் மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட வேண்டும் என்பது அந்தக் கிளப் வழக்கம். உன் அப்பா வாய் திறக்காமல் போட்டார், வெடித்த கைக்கு எண்ணெய் தடவியவள் நான். பந்து தன் கையில் படவேயில்லை என்று என்னிடம் மட்டும்தான் சொன்னார். கொட்டுகிற மழையில் யார் சரியாகப் பார்த்தார்கள், கேப்டன் சொன்னதுதான் சட்டம். அவர் விட்டார், அச்சில் ஏறிய பிறகு நான் விடுவேனா.

மறுநாளே பஸ் ஏறிக் கீழ்பென்னாத்தூர் போனேன். அன்றைக்கு எதிர் டீமுக்குக் கார்னர் அடித்த குலாம் ரசூல் பாய் அங்கே மல்லாட்டைக் கடலை வியாபாரம் செய்கிறார். கேட்டதும் தலை குனிந்துகொண்டார். சடையன் மேல தப்பே இல்லிங்கம்மா, நான் அடிச்ச பந்து சக்கரவர்த்தி தலையில பட்டுத்தான் உள்ள போச்சு, கோலை என் பேர்ல எழுதிட்டாங்க, அந்த ஆசையில நானும் வாய மூடிக்கினு இருந்துட்டேன்னு சொன்னார். இதையே மைக்கில் சொல்லுங்கள் என்றேன். ஞாயிறு விழாவுக்கு வந்து சொல்லியே விட்டார். இப்போது பெண்கள் டீமுக்குக் கேப்டனாக இருக்கும் தென்றல், வழக்கம் எல்லாருக்கும் ஒண்ணுதானே சார்னு சுண்ணாம்பு டின்னைக் கொண்டுவந்து சக்கரவர்த்தி காலடியில் வைத்தாள். அறுபத்திரண்டு வயதில், விழாவுக்குக் கட்டிய வெள்ளை வேட்டியோடு குனிந்து போட்டான். நான் நாற்காலியைக் கோட்டுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பாவமாக இல்லையா என்று கேட்காதே, இல்லை. பாதியில் உன் அப்பா போய் டின்னை வாங்கிக்கொண்டார். அவனுக்கு இடுப்பு புடிச்சிக்கிச்சி, உடு ஆதிலட்சுமின்னு எனக்கே புத்தி சொல்கிறார். மூன்று நாளாக அவரோடு பேச்சில்லை. நீ போன் செய்தால் அவரைப் புகழாதே.

மிச்சமிருந்த மலர்களில் திருத்தச் சீட்டு ஒட்டியாகிவிட்டது. மைதா பசை காய்ச்சி நானே ஒட்டினேன், உனக்கும் ஒன்று அனுப்பியிருக்கிறேன், பத்திரம். மன்னிப்பது உன் அப்பாவின் பெருந்தன்மை, ஆனால் வழக்கம் ஒரு வருஷம். காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன், இன்னும் ஐம்பத்தொரு ஞாயிறு இருக்கிறது. பௌர்ணமிக் கிரிவலக் கூட்டம், பஸ் இல்லை என்றெல்லாம் சக்கரவர்த்தி சாக்குச் சொல்ல முடியாது.

மாப்பிள்ளைக்கும் பிள்ளைக்கும் எங்கள் ஆசிகள், நீண்ட ஆயுசோடு நன்றாக இருங்கள். ஊருக்கு டிக்கெட் போடும்போது ஞாயிறு காலையில் இங்கே இருக்கும்படி போடு. உனக்கும் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன்.

உன் அம்மா,
ச. ஆதிலட்சுமி